குப்பையில் எண்ணெய் எடுத்த நகரம்

1973-ல் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்காக ஏறியபோது மிகவும் ஆடிப்போன நாடுகளில் ஜப்பானும் ஒன்று. தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஏறத்தாழ முழுவதையும் கப்பலில் வரவழைக்கும் நாடு அது. எண்ணெயிலிருந்து பிறந்த பிளாஸ்டிக்கை மறுபடியும் எண்ணெயாக்கிவிடலாம் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டதில் வியப்பில்லை. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2000-ல், ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரில் அந்த எண்ணம் ஓர் ஆலையாக எழுந்தது. வீட்டுக் குப்பையில் வரும் பிளாஸ்டிக்கை ஆண்டுக்கு 14,800 டன் வரை உருக்கி எண்ணெயாக்கும் திறன் கொண்ட ஆலை. அது சுமார் பத்தாண்டுகள் ஓடி மூடப்பட்டது. நீகாட்டாவில் இருந்த சிறிய ஆலை அதற்கு முன்பே, 2007-ல், நின்றுபோயிருந்தது. எண்ணெய் மலிந்ததால் இவை தோற்றன என்பார்கள். தொழில்நுட்பம் பக்குவப்படவில்லை என்றும் சொல்வார்கள். இரண்டும் பொருந்தாது. இந்த ஆலைகள் எண்ணெய் விற்ற காசில் பிழைத்தவை அல்ல. குப்பையை ஏற்றுக்கொள்வதற்குக் கிடைத்த கூலியில் பிழைத்தவை. கூலி வற்றியதும் உலை அணைந்தது.

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன் இரண்டையும் காற்றுப் படாமல் சுமார் 400 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். பள்ளி ஆய்வகத்தில்கூடச் செய்து காட்டலாம். தலைவலி குப்பையின் கலப்பில்தான் இருக்கிறது. ஒரு பை பி.வி.சி. சேர்ந்தால் போதும், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் குழாய்களை அரிக்கும். பெட் பாட்டில் சேர்ந்தால் அதிலிருந்து வரும் அமிலம் குளிர்ந்த இடத்தில் படிகமாகி வழியை அடைக்கும். இது போதாதென்று உலைச் சுவரில் கரி அடை அடையாகப் பிடித்துக்கொள்ளும். சப்போரோ ஆலை இவை ஒவ்வொன்றுக்கும் விடை வைத்திருந்தது. முதலில் 300 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கிக் குளோரினைத் தனியே பிரித்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகப் பிடித்தார்கள். பிறகு உருகிய பிளாஸ்டிக்கைச் சுழலும் உலைக்குள் விட்டார்கள். உள்ளே பீங்கான் உருண்டைகள் உருண்டுகொண்டே சுவரில் ஒட்டும் கரியைச் சுரண்டித் தள்ளின. ஊரார் வீட்டுக் குப்பையை வைத்துக்கொண்டு பத்தாண்டு இப்படி ஓடிய ஆலையைத் தொழில்நுட்பத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் ஒரு செலவு உண்டு. கிடைத்த எண்ணெயிலும் ஒரு பகுதி ஆலையின் சொந்தத் தேவைக்கே எரிந்தது.

அந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வி 1995-ல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு இட்டுச்செல்கிறது. குப்பை கொட்ட நிலம் இல்லாமல் தவித்த ஜப்பான், பொட்டலப் பொருள்களை மறுசுழற்சி செய்ய அந்த ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. வீட்டார் பிரித்துத் தர வேண்டும், நகராட்சி சேகரிக்க வேண்டும், பொட்டலத்தைத் தயாரிப்பவரும் பயன்படுத்துபவரும் மறுசுழற்சிக்குப் பணம் கட்ட வேண்டும். 2000 ஏப்ரலில் பெட் பாட்டில் தவிர்த்த மற்ற பிளாஸ்டிக்குகளும் அதன்கீழ் வந்தன. சப்போரோ ஆலை அதே ஆண்டில் பிறந்தது தற்செயல் அல்ல. ஆண்டுதோறும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். ஒரு டன்னை ஏற்க யார் குறைந்த கூலி கேட்கிறாரோ அவருக்குக் குப்பை. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காகவே மறுவார்ப்பு செய்பவர்களுக்கு இதில் முன்னுரிமை வேறு. எஞ்சியதற்குப் போட்டியாக வந்தவை எஃகு ஆலைகள். நிப்பான் ஸ்டீல் நிறுவனம் தன் கல்கரி அடுப்புகளில் நிலக்கரியோடு ஒரு சதவீத அளவுக்குப் பிளாஸ்டிக்கைக் கலந்தது. அதில் சுமார் 40 சதவீதம் எண்ணெயாகவும் 40 சதவீதம் வாயுவாகவும் 20 சதவீதம் கல்கரியாகவும் மாறியது. அடுப்பு ஏற்கெனவே இருந்தது, எண்ணெயைப் பிரிக்கும் ஏற்பாடும் இருந்தது. அதனால் எஃகு ஆலை குறைந்த கூலி கேட்க முடிந்தது. குப்பைக்கென்றே புதிதாகக் கட்டிய ஆலைக்கு அந்தக் கூலி எப்படிக் கட்டுப்படியாகும்?

எண்ணெய் விலை ஏறியிருந்தால் ஆலை பிழைத்திருக்குமே என்று கேட்கலாம். ஜெர்மனியை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமாகவே படும். 1991-ல் பொட்டலச் சட்டம் கொண்டுவந்த ஜெர்மனியில், லுட்விக்ஸ்ஹாஃபெனில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1994-ல் 15,000 டன் சோதனை ஆலையைத் தொடங்கி 3 லட்சம் டன் ஆலைக்குத் திட்டமிட்டது, 1996-ல் கைவிட்டது. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கக் கட்டப்பட்ட போட்ராப் ஆலை, தொண்ணூறுகளில் பிளாஸ்டிக்குக்கு மாறி 1999 இறுதியில் நின்றது. அவை எண்ணெய் மலிவாக இருந்த ஆண்டுகள்தான். ஆனால் ஜப்பான் இந்த விளக்கத்தைக் கவிழ்க்கிறது. சப்போரோ ஆலை தொடங்கியபோது பீப்பாய் 30 டாலரை ஒட்டியிருந்தது. 2008-ல் 147 டாலரைத் தொட்டது. 2010-ல் 80 டாலரைச் சுற்றி நின்றது. சரக்கின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய காலத்தில் ஒரு கடை மூடப்படுகிறது என்றால், அந்தக் கடையின் வருமானம் அந்தச் சரக்கிலிருந்து வரவில்லை என்றே பொருள். பி.ஏ.எஸ்.எஃப். பின்வாங்கியதற்கும் போதுமான குப்பையும் கூலியும் உறுதியாகாததே காரணம்.

நாட்டுக்கு எரிபொருள் மிச்சமாகாதா என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். ஒரு டன் எண்ணெய் ஏழு பீப்பாய்க்குச் சற்று மேல். சப்போரோ ஆலை ஆண்டு முழுவதும் விழுங்கக்கூடிய 14,800 டன்னும் ஒரு துளி சேதாரமின்றி எண்ணெயானதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துச் சொச்சம் பீப்பாய் தேறும். அக்காலத்தில் ஜப்பான் ஒரு நாளில் செலவழித்ததோ 50 லட்சம் பீப்பாய்க்கு மேல். ஆக, ஓர் ஆண்டின் உழைப்பு நாட்டின் அரை மணி நேரச் செலவு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதனால் அந்த ஆலை வீண் என்று ஆகிவிடாது. 14,800 டன் பிளாஸ்டிக்கைப் புதைக்க ஹொக்கைடோவில் எவ்வளவு நிலம் வேண்டும், வெறுமனே எரித்தால் எவ்வளவு புகை கிளம்பும் என்று பார்த்தால் அதன் பயன் புரியும். பயன் துப்புரவின் கணக்கில் வருகிறது. எரிபொருள் கணக்கில் எழுதியதுதான் பிழை.

இந்தப் பிழை நமக்கும் அந்நியமல்ல. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம் 2019 ஆகஸ்டில் கெயில் நிறுவனத்தின் துணையோடு நாளுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து 800 லிட்டர் டீசல் எடுக்கும் ஆலையைத் தொடங்கியபோது, பெரிதும் பேசப்பட்டது டீசலைப் பற்றித்தான். ஜெர்மனியைவிடவும் ஜப்பானைவிடவும் இங்கே கூலியாள் மலிவு, ஆகவே பிரித்தெடுக்கும் செலவு குறையும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இங்கே பொறுக்குபவர்கள் பிரித்தெடுக்கும் நல்ல பாலிஎத்திலீனுக்குப் பழைய பிளாஸ்டிக் சந்தையில் ஏற்கெனவே விலை உண்டு. எண்ணெய் ஆலைக்கு மிஞ்சுவது யாரும் வாங்காத கலப்படக் குப்பை. அதற்கும் போட்டி இருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் சூளைகளுக்கு அனுப்புகின்றன. எஃகு ஆலையின் அடுப்பு ஜப்பானில் செய்ததை இங்கே சூளை செய்கிறது. ஆகவே, பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் எடுக்கிறேன் என்று வருபவரிடம் ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதைவிட, ஒரு டன்னை ஏற்க எவ்வளவு கூலி வேண்டும், அதை எத்தனை ஆண்டுக்கு யார் கொடுப்பார் என்று கேட்பது மேல். உற்பத்தியாளரிடம் வசூலித்து அந்தக் கூலியைத் தொடர்ந்து தரும் சட்டம் இருந்தால் ஆலை ஓடும். இல்லையென்றால் சப்போரோ ஓடிய பத்தாண்டுகூட அது ஓடாது.