சீவலப்பேரிக்கு ஒரு மேடை வேண்டும்

முக்கூடற்பள்ளுவைப் பாடமாக நடத்தியே ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். பரீட்சைக்கு வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: அதில் வரும் நெல்வகைகளைத் தொகுத்து எழுதுக. பிள்ளைகளும் சித்திரக்காலி, சிறைமீட்டான், மணல்வாரி என்று நெட்டுருப் போட்டு மார்க் வாங்கிவிடுவார்கள். அது நடிக்க எழுதிய நாடகம் என்பதை மட்டும் எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கும் சீவலப்பேரிதான் பழைய முக்கூடல். அங்கே கோயில் கொண்ட அழகரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நூல் எழுந்தது என்பது அறிஞர் கணிப்பு. பாட்டுடைத் தலைவன் அழகர் என்றாலும் கதைத் தலைவன் அழகக் குடும்பன் என்ற வயல் தொழிலாளி. அவனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடற்பள்ளி, வைணவம். இளையவள் மருதூர்ப்பள்ளி, சைவம். குடும்பன் இளையவள் வீடே கதியென்று கிடக்க, மூத்தவள் பண்ணைக்காரனிடம் போய் முறையிடுகிறாள். அவன் குடும்பனைத் தொழுவில் மாட்டிவிடுகிறான். முறையிட்ட மூத்தவளே பிறகு மனம் பொறுக்காமல் கெஞ்சி மீட்டுவருகிறாள். அடுத்து விதைக்கணக்கு, மாட்டுக்கணக்கு, உழவு, மாடு முட்டிக் குடும்பன் விழுவது, நடவு, அறுவடை. கடைசியில் சக்களத்திச் சண்டை. ஒருத்தி சிவனைக் கிழிக்க, மற்றவள் திருமாலைக் கிழிப்பாள். வகுப்பில் இரண்டு மாணவிகளை எழுப்பி இந்த ஏசலை வாசிக்கச் சொன்னால் போதும், பின்பெஞ்சு வரை சிரிப்பு அள்ளும். உரை சொல்லவே வேண்டியிருக்காது.

அந்தச் சிரிப்பில் பெரும்பங்கு பண்ணைக்காரனுக்கு. அவன் நுழையும்போதே அவனுடைய உருவமும் மிடுக்கும் கேலிக்கு ஆளாகின்றன. தண்டிக்கும் அதிகாரம் அவனிடம் இருக்கிறது, மரியாதை இல்லை. நிலவுடைமை கோலோச்சிய காலத்தில், ஆற்றங்கரை ஊரில், இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அதே நூற்றாண்டில் ஸ்பெயினிலும் உழவர் மேடையேறினார்கள். லோப்பே தெ வேகா (1562–1635) எழுதிய ‘ஃபுவென்தே ஓவெஹூனா’ 1619இல் அச்சானது. 1476இல் அந்தப் பெயருள்ள ஊரில் உண்மையாகவே நடந்த கலகம் அதன் கதை. கொடுமை தாங்காமல் ஊரே திரண்டு படைத்தலைவனைக் கொல்கிறது. கொன்றவன் யார் என்று சித்திரவதை செய்து கேட்டாலும் ஒவ்வொருவரும் ஊர்ப்பெயரை மட்டுமே சொல்கிறார்கள். அங்கே கொலை, இங்கே கேலி, வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் மண்ணில் உழைப்பவன் கதைக்கு நடுவே நின்றது இரண்டு இடத்திலும் நடந்தது.

பிரிந்தது அதற்குப் பிறகுதான். லோப்பேயின் நாடகங்கள் வீடுகளுக்கு நடுவிலிருந்த திறந்த முற்றங்களில் காசுக்கு நடந்தன. அந்த வசூலில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. நாடகம் ஊரின் தேவையாகிவிட்டது. 1932இல் கவிஞர் லோர்கா மாணவர்களைச் சேர்த்து ‘லா பர்ராக்கா’ என்ற குழுவைத் தொடங்கி, இந்தப் பழைய நாடகங்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். ஃபுவென்தே ஓவெஹூனா ஊர்க்காரர்களோ தங்கள் கதையைத் தங்கள் சதுக்கத்திலேயே தாங்களே நடித்துக்காட்டுகிறார்கள்.

நம் பக்கத்திலும் மேடை கிடைத்த நூல் உண்டு. சிற்றாறு இறங்கும் குற்றாலத்தைக் குற்றாலக் குறவஞ்சியில் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். 1944இல் ருக்மிணி தேவி அந்தக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக்கினார். அதன் தலைவி வசந்தவல்லி பந்தாடுவது பரதநாட்டியத்துக்குப் பொருந்தியது. பள்ளுவின் சேறும் ஏசலும் சபாக்களுக்குப் பொருந்தவில்லை. கவித்திறத்தில் பள்ளு ஒரு மாற்றுக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். புரவலர் அமையவில்லை, அவ்வளவுதான்.

பாட்டு நாடகத்தை இன்று யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். பழைய திருநெல்வேலி ஜில்லாவில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணத்தைத் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் விடிய விடியப் பார்க்கிற கூட்டமே அதற்குப் பதில்.

இன்னொரு கேள்வி கனமானது. குடும்பனை இரு பெண்டாட்டிக்காரனாக்கிச் சிரிக்கவைப்பது, அவனைத் தொழுவில் மாட்டுவது எல்லாம் அவன் சமூகத்தில் பிறந்து இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று தலைநிமிர்ந்து நிற்கும் மக்களுக்கு வலிக்காதா? வலிக்கும். வேறு யாரோ வேடம் கட்டி நடித்தால் நிச்சயம் வலிக்கும். எனவே எதை வைப்பது, எதை வெட்டுவது, தொழுக்காட்சியில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை அந்தச் சமூகத்துப் பிள்ளைகளே முடிவு செய்யவேண்டும். லோர்காவும் பழைய பிரதியை வெட்டித்தான் மேடையேற்றினார்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். நெல்வகைக் கேள்வியை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள். மாணவர்களைச் சீவலப்பேரிக்குக் கூட்டிப்போய், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, முக்கூடற்பள்ளுவை அந்த ஊரிலேயே ஓர் இரவு நடத்திக்காட்டுங்கள். மார்க்கை அதற்குப் போடுங்கள்.