யுனிக்ஸ் கணினிகளில் இலகு சாளர முகாமை நிரல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கணினித் திரையிலே தோன்றும் சாளரங்களுக்குச் சட்டகமிட்டு, எதனை எங்கே வைப்பது, எதனைப் பெருப்பிப்பது, எதன்மீது எதனை அடுக்குவது என்பவற்றைக் கவனிக்கும் செய்நிரலே சாளர முகாமை நிரல் எனப்படும். யுனிக்ஸ் மரபைச் சார்ந்த கணினிகளிலே இந்நிரலைப் பயனாளரே தெரிந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக நிலவிவருகின்றது. இத்தெரிவுரிமை எவ்வாறு தோன்றிற்று, 'இலகு' என்னும் சொல் காலந்தோறும் எப்பொருளை உணர்த்திற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் தொடக்கம் 1984 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் அமைந்தது. அங்கு நடைபெற்ற அதீனா திட்டத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒருங்கே பயன்படுத்தப்பட்டன. அவை யாவற்றுக்கும் பொதுவானதொரு சாளர முறைமை தேவைப்பட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே தோன்றிய 'டபிள்யூ' என்னும் முறைமையைத் தழுவி, றொபேட் ஷைவ்ளர், ஜிம் கெற்றிஸ் முதலியோர் 'எக்ஸ்' முறைமையை ஆக்கினர். அதன் பதினோராம் பதிப்பு 1987 செப்ரெம்பரில் வெளிவந்தது. பொறிமுறையை வழங்குவதே தம் கடன், அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் கொள்கையை விதிப்பதன்று என்பது அவர்களது நிலைப்பாடாக இருந்தது. ஆகவே, சாளரங்களை ஒழுங்குபடுத்தும் பணி தனியானதொரு செய்நிரலிடம் விடப்பட்டது. விரும்பியவர் அதனை நீக்கி வேறொன்றை அமர்த்தலாம். பின்னெழுந்த பன்மை யாவற்றுக்கும் இம்முடிவே வித்தாயிற்று.

1987 இல் ரொம் லாஸ்ற்ரேஞ்ச் எழுதிய 'ரி.டபிள்யூ.எம்.' விரைவிலே எக்ஸ் முறைமையின் நியம முகாமை நிரலாயிற்று. எனினும், அது நினைவகத்தை மிகுதியாக உட்கொள்வதைக் கண்ட றொபேட் நேஷன் என்பவர் 1993 இல் அதனையே திருத்தி 'எவ்.வி.டபிள்யூ.எம்.' என்பதை உருவாக்கினார். 1991 இல் தோன்றிய லினக்ஸ், சில மெகாபைற்று நினைவகமே கொண்ட சொந்தக் கணினிகளில் அக்காலத்திலே பரவிக்கொண்டிருந்தது. அத்தகைய கணினிகளில் இச்சிக்கனம் பெரிதும் வேண்டப்பட்டது. எனவே முதற்கட்டத்தில் இலகு என்பது வறுமையின் தேவையாகவே விளங்கிற்று எனலாம்.

1996 இல் கே.டி.ஈ. திட்டமும் 1997 இல் க்னோம் திட்டமும் தொடங்கப்பட்டன. இவை எல்லாச் செய்நிரல்களையும் ஒரே தோற்றத்தில் அமைத்துப் புதியவர்க்கு இணக்கமான முழுமையான மேசைத்தளங்களை வழங்க முற்பட்டன. இம்முயற்சியின் நன்மை பெரிது. ஆயின், அதன் சுமையும் சிறிதன்று. ஐஸ்டபிள்யூ.எம்., பிளாக்பொக்ஸ் ஆகியன அதே 1997 இல் தோன்றி மாற்றுவழி காட்டின. பிளாக்பொக்சின் வழியிலே புளக்ஸ்பொக்சும் ஓப்பன்பொக்சும் பின்னர் எழுந்தன.

இதன்பின் 'இலகு' என்பதன் பொருள் மாறிற்று. 2006 இல் வெளிவந்த 'டி.டபிள்யூ.எம்.' தன் மூலநிரல் 2000 வரிகளை மீறலாகாது என வரையறுத்துக்கொண்டது. ஒருவர் முழுமையாக வாசித்து விளங்கத்தக்க நிரலே இலகுவான நிரல் என்பது இதன் உட்கருத்தாகும். 2009 இல் வந்த 'ஐ3' சாளரங்களை ஓடு பதித்தாற்போல் அருகருகே பரப்பி, விசைப்பலகையாலேயே அவற்றை ஆள வழிசெய்தது. எனினும், டி.டபிள்யூ.எம். நிரலில் ஒரு நிறத்தை மாற்றுவதற்கும் மூலநிரலைத் திருத்தி மீளத் தொகுக்க வேண்டியிருந்தது. கணினிக்கு இலகுவானது மனிதருக்கும் இலகுவாதல் வேண்டும் என்ற நியதி இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தெரிவுரிமைக்கும் ஒரு விலை இருந்தது. எக்ஸ் முறைமையில் ஒரு செய்நிரலுக்கு இடும் விசையழுத்தங்களைப் பிறிதொரு செய்நிரல் ஒற்றறிதல் கூடும். இத்தகைய குறைகளைக் களையும் நோக்குடன் 2008 இல் வேலன்ட் முயற்சி தொடங்கிற்று. இதில் திரையை ஆளும் சேவையகமும் முகாமை நிரலும் ஒன்றாகிவிடுகின்றன. தனியொருவர் சிறியதோர் முகாமை நிரலை எழுதிவிடுதல் முன்போல் எளிதன்று. ஆயினும் மரபு அற்றுப்போகவில்லை. 2012 இல் 256 மெகாபைற்று நினைவகத்துடன் வெளிவந்த றாஸ்பெரி பை என்னும் சிறுகணினியின் மேசைத்தளத்தில் ஓப்பன்பொக்ஸ் இடம்பெற்றது. 2024 இல் அக்கணினிகள் வேலன்டுக்குரிய 'லப்டபிள்யூசி' நிரலுக்கு மாறின. அந்நிரலோ ஓப்பன்பொக்சை முன்மாதிரியாகக் கொண்டதாகும்.

இன்று இணைய உலாவியொன்று எந்த இலகு முகாமை நிரலையும்விடப் பன்மடங்கு நினைவகத்தை உட்கொள்கின்றது. ஆகவே நினைவகச் சிக்கனம் ஒன்றையே அளவுகோலாக்கித் தெரிவுசெய்தல் பொருந்தாது. பழைய கணினியைச் சுட்டியால் இயக்கப் பழகியவருக்கு ஐஸ்டபிள்யூ.எம். போதும், நாள் முழுதும் எழுத்துப்பணி புரிபவருக்கு ஐ3 உகந்தது, பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் பொதுக்கணினிக்கு முழுமையான மேசைத்தளமே நன்று. தேவைக்கேற்பத் தெரிந்துகொள்ளும் இவ்வாய்ப்பு தானாக விளைந்ததன்று. பயனாளருக்காகத் தாம் முடிவெடுக்க மறுத்த சிலரின் தீர்மானத்தால் கிட்டியதாகும். புதிய முறைமைகளை ஆக்குவோர் பாதுகாப்பைப் பேணும் அதேவேளை இவ்வாய்ப்பையும் பேணுவரா என்பதே இனி நாம் கவனிக்கவேண்டியதாகும்.