கம்பேனியன்

துணைவர், வழித்துணை, கூட இருப்பவர் என்ற பொருள்களில் வழங்கும் ஆங்கிலச் சொல். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிற்கால லத்தீனின் 'கொம்பானியோ' இதன் மூலம். 'கொம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பங்கிட்டு உண்பவர் என்று பொருள். இதைக் கேட்டதும் வீட்டுப் பந்தியும் விருந்தோம்பலும்தான் நினைவுக்கு வரும். கிடைக்கும் சான்றுகளோ படைவீட்டைக் காட்டுகின்றன. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்க் அரசன் குளோவிஸ் காலத்தில் உருவான சாலியச் சட்டத்தில் இச்சொல் வரும் இடம் விருந்தைப் பற்றியதல்ல: படையில் இருக்கும்போது தன் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனைக் கொன்றவனுக்கு என்ன தண்டம் என்பதைச் சொல்லும் விதி அது. அதற்கும் முன்பே, 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா கோதியம் என்ற ஜெர்மானிய மொழியில் பெயர்த்த விவிலியத்தில் 'ககிலைபா' என்ற சொல் இருக்கிறது. 'க' என்பது உடன், 'கிலைஃப்ஸ்' என்பது ரொட்டி; ஆங்கில 'லோஃப்' இதன் உறவு. பிலிப்பியர் நிருபத்தில் பவுல் எப்பப்பிரோதீத்துவை உடன்போர்வீரன் என்று அழைக்கும் இடத்தில் உல்ஃபிலா இட்டது இந்தச் சொல்லைத்தான்.

இரண்டு சொற்களும் உறுப்புக்கு உறுப்பு ஒத்திருப்பதால், ஜெர்மானிய வீரர்களின் பேச்சைப் பின்பற்றியே லத்தீன் சொல் கட்டப்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ரோமப் படையின் பேச்சு லத்தீனிலிருந்து கோதியர் எடுத்திருக்கலாமே என்று எதிர்வாதம் செய்யலாம். அது எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ரோமப் படையில் ஜெர்மானியர் ஏராளமாகச் சேர்ந்திருந்தனர். ஆனாலும் லத்தீனுக்கு இச்சொல் இல்லாமல் குறை ஏதும் இருக்கவில்லை. கூட நடப்பவனுக்குக் 'கோமெஸ்', கூட்டாளிக்கு 'சோகியுஸ்', ஒரே கூடாரத்தில் தங்கும் வீரனுக்குக் 'கொந்துபெர்னாலிஸ்' என்று முன்பே சொற்கள் இருந்தன. பழைய லத்தீன் இலக்கியத்தில் காணாத ஒரு சொல் பிராங்கியர் ஆண்ட பகுதியில் சட்டச்சொல்லாகவே தலைகாட்டுவது ஜெர்மானிய மூலத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கடன் எந்தத் திசையில் போயிருந்தாலும் கைமாறிய இடம் படை என்பதில் மாற்றமில்லை.

இதே வேரில் பிறந்த 'கம்பெனி', ஆட்கூட்டம், படைப்பிரிவு, வணிகர் சங்கம் என்று விரிந்தது. 1600இல் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியைத் தமிழ் மக்கள் 'கும்பினி' என்றார்கள். ரொட்டியோடு அந்தப் பெயருக்கிருந்த உறவு அதற்குள் ஆங்கிலேயருக்கே மறந்திருந்தது. 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிய 'கம்பேனியன்ஸ் ஆஃப் ஆனர்' விருது வரிசையில் இச்சொல் வெறும் மரியாதைப் பட்டம்.