பதினான்கு நாள் தவணை

திருவண்ணாமலையில் வாழ்வோருக்குத் தைப்பூச நாளின் காட்சி புதிதன்று. ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து அருணாசலேசுவரர் திரும்பும் வேளையில், வல்லாள மகாராஜா போரில் மாண்டார் என்னும் செய்தி அறிவிக்கப்படும். உடனே மேளதாளம் நின்றுவிடும். பின்னர் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், பிள்ளைப்பேறு இல்லாத அம்மன்னருக்கு இறைவனே திதி கொடுப்பதாக ஒரு சடங்கு நடைபெறும். இது நம் அண்டை வீட்டாரின் நம்பிக்கை. ஆனால் அந்த மன்னர் எவ்வாறு இறந்தார் என்பதை விரிவாக எழுதிவைத்தவர் ஒரு முஸ்லிம். அவரே மொராக்கோ நாட்டுப் பயணியும் காழியுமான இப்னு பதூதா.

போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், டில்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைத் தாக்கிய பின்னர், திருவண்ணாமலையையும் தம் தலைநகராக்கிக் கொண்டவர். 1342ஆம் ஆண்டு, மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானிக்கு உரிய கண்ணனூர்க் கொப்பத்தை அவர் முற்றுகையிட்டார். அவருடைய படையில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்றும், அவர்களுடன் சுமார் 20,000 முஸ்லிம்களும் இருந்தனர் என்றும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார். ஆகவே இதை இரு மதங்களுக்கு இடையிலான போர் என்று மட்டும் சொல்லிவிட இயலாது.

கோட்டைக்குள் பதினான்கு நாள்களுக்கான உணவே எஞ்சியிருந்தது. ஊரை ஒப்படைத்துவிட்டுப் பாதுகாப்பாக வெளியேறலாம் என்று வல்லாளர் சொல்லியனுப்பினார். சுல்தானிடம் கேட்க வேண்டும் என்று உள்ளே இருந்தோர் பதிலளித்தனர். அவரும் பதினான்கு நாள் தவணை கொடுத்தார். அவர்கள் தம் நிலையைச் சுல்தானுக்கு எழுதினர். வெள்ளிக்கிழமையன்று அந்தக் கடிதம் மக்கள் முன் வாசிக்கப்பட்டது, கேட்டவர்கள் அழுதனர், உயிரைத் துச்சமாக எண்ணிப் புறப்பட்டனர். இன்ன நிலையில் இருக்கிறோம், இத்தனை நாளுக்கே உணவு இருக்கிறது என்னும் உண்மையே ஒரு படையை எழுப்பப் போதுமானதாயிற்று.

நண்பகல் ஓய்வு நேரத்தில் மதுரைப் படை திடீரெனப் பாய்ந்தது. போசளரின் குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. வந்தவர்கள் திருடர்கள் என்றே பாசறையில் இருந்தோர் எண்ணினர். எண்பது வயது மன்னர் சிறைப்பட்டார். தவணை கொடுத்தவரைத் தவணைக் காலத்திலேயே தாக்கியது முறையா என்னும் கேள்வி இங்கேயே எழுகிறது. அதன் பின் நடந்ததற்கோ எந்த விளக்கமும் இல்லை. சுல்தான் அவரை வெளிப்பார்வைக்கு மரியாதையுடன் நடத்தினார்; விடுதலை செய்வதாக வாக்களித்துச் செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டார். கொடுக்க இனி ஒன்றும் இல்லை என்றானபோது அவரைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா கூறுகிறார்.

கடிதம் எழுதியவர்களின் சொல்லிலும் நோக்கம் இருந்தது. சுல்தானின் சொல்லிலும் நோக்கம் இருந்தது. முன்னதில் நோக்கம் வெளிப்படையாக நின்றது. பின்னதில் அது வாக்குறுதிக்குள் ஒளிந்திருந்தது. வாக்குறுதியைக் குறித்து விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. வாக்கு மாறுதலை நயவஞ்சகத்தின் அடையாளங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) எண்ணினார்கள். கொடுத்தவர் சுல்தான் என்பதாலோ, பெற்றவர் முஸ்லிம் அல்லர் என்பதாலோ இந்த அளவுகோல் மாறாது.

இப்னு பதூதாவுக்கு இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. சுல்தான் அவருக்கு உறவினர். இருவரும் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். ஒருமுறை தம் முன்னிலையில் ஒரு கைதிக்குத் தண்டனை நிறைவேறவிருந்தபோது, அஸர் தொழ வேண்டும் என்று சொல்லி அவர் எழுந்தார். உட்பொருளைப் புரிந்துகொண்ட சுல்தான் சிரித்தார், தண்டனை நிற்கவில்லை. அந்த அவையில் அவரால் அவ்வளவே சொல்ல முடிந்தது. ஆயினும் பின்னர், 1355இல் முடிவுற்ற தம் பயண நூலில், பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அச்சுல்தானின் செயலை இழிவானது என்று ஒளிக்காமல் பதிவுசெய்தார். உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது. அவர் தாமதமாகவேனும் அதைச் செய்தார்.

கடையில் “நாளை தருகிறேன்” என்கிறோம். அலுவலகத்தில் “பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். சம்பந்தம் பேசும்போது பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிறோம். நம் சொல்லின் நோக்கம் எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால் நாம் வெட்கப்படுவோமா? பேசுவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அடுத்த தைப்பூசத்தில் மேளம் நிற்கும்போது, “அந்த ராஜாவைக் கொன்றது யார்?” என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். மழுப்ப வேண்டியதில்லை. ஒரு முஸ்லிம் சுல்தான் வாக்குத் தவறிக் கொன்றார் என்றும், அதை மறைக்காமல் எழுதியவரும் ஒரு முஸ்லிமே என்றும் சொல்வோம். நேர்மையான சொல்லைச் சொல்லும் மன உறுதியை அல்லாஹ் நமக்குத் தருவானாக.