ட்ரைப் துரையின் பெரிய கேமரா

கேமரா பெரிதாக இருந்தால் படமும் நன்றாக வருமா? பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "இதற்கு ஃபிலிமே போஸ்ட் கார்டு சைஸ்" என்று பெருமைப்படும் நண்பர் ஒருவரால் எழுந்த கேள்வி இது. பதிலைத் தேடிப் போனால் அது நம் மதுரையிலும் தஞ்சாவூரிலும் கொண்டுபோய் விட்டது.

லின்னேயஸ் ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858-ல் சென்னை போய்ச் சேர்ந்தார்.

அவர் கேமரா பெரிதாக இருந்தது பெருமைக்காக அல்ல. நெகட்டிவைப் பெரிதாக்கி பிரிண்ட் போடுவது அன்று வழக்கத்தில் இல்லை. நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்ட வேண்டும். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவு. அவருடைய மெழுகு பூசிய காகித நெகட்டிவ் சுமார் 12-க்கு 15 அங்குலம். பிற்காலத்து 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர்தான். பரப்பளவில் ஏறத்தாழ 130 மடங்கு வித்தியாசம். (வங்கிக்காரன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது!)

பலன் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சேர்த்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பிக்கத் தொடங்கியது அதற்கு முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான்.

ஆனால் வரவு இருந்தால் செலவும் உண்டே. வானம் வெறும் வெள்ளையாக விழுந்ததால், நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார் ட்ரைப். பணச் செலவும் சாமானியமில்லை. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவிலியன், இது அரசுக்கு ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுவது வேறொன்று. ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். அசையாமல் நின்றது மட்டுமே பதியும். அதனால் அந்தப் படங்களில் கோயில் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, தூணில் ஒவ்வொரு செதுக்கலும் இருக்கிறது. மனிதர்கள் அநேகமாக இல்லை. என் கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா அன்றைக்கு அந்தப் பக்கமாக நடந்து போயிருந்தாலும் ஒரு நிழல்கூட விழுந்திருக்காது.

ஓடுகிற பிள்ளையையும் சிரிக்கிற முகத்தையும் பிடிக்க, வேகமான ஃபிலிமும் கையில் அடங்கும் கேமராவும் வர வேண்டியிருந்தது. 1925-ல் லைக்கா விற்பனைக்கு வந்தது அந்த வழியில் பெரிய திருப்பம். நுணுக்கத்தில் அது ட்ரைப்பின் நெகட்டிவுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. இருந்தாலும் தெருவில் மனிதர்களைக் காட்டியது அதுபோன்ற சின்ன கேமராக்கள்தான்.

ஆக, நண்பருக்கு என் பதில்: கல்லைப் படமெடுக்கப் பெரிய கேமரா நல்லது, ஆளைப் படமெடுக்கச் சின்னது போதும்.

இங்கே மும்பை வீட்டில் பாட்டி படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வாசலில் கோலம் போடும்போது யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்த நொடியில் மாமா சின்ன கேமராவில் எடுத்தது. முகம் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும். பாட்டியைப் பார்த்தே இராத என் பையன், "அப்பா, பாட்டி யாரைப் பார்க்கிறாங்க?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.