'கோப்பை ஆறு': டாரட் சீட்டொன்றில் கடந்தகாலம் குடியேறிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

டாரட் சீட்டுக்கட்டின் 'கோப்பை ஆறு' எனும் சீட்டு, இளமைப் பருவ நினைவையும் கடந்தகால ஏக்கத்தையும் குறிப்பதாக இன்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. இப்பொருள் தொன்மையானதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் தோன்றிய காலக்குறிப்பு ஒன்றும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் தோன்றிய உணர்வுப் பெயர் ஒன்றும் 1909இல் ஒன்றுசேர்ந்ததால் விளைந்த பொருள் இது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சீட்டின் ஓவியத்திற்கும் அதன் விளக்க நூலுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: டாரட், கோப்பை ஆறு, நினைவு, ஏக்கம், பமேலா கோல்மன் ஸ்மித், ஆர்தர் எட்வர்ட் வெயிட், எத்தெய்யா.

முன்னுரை

ஒரு படம் இன்று உணர்த்தும் பொருளை, அது தோன்றிய நாள்தொட்டே உணர்த்திவந்ததாகக் கொள்வது குறியீட்டு ஆய்வில் அடிக்கடி நேரும் வழுவாகும். டாரட் சீட்டுகள் குறித்த எழுத்துகளில் இவ்வழு மிகுதி. எகிப்தியக் கோயில்கள், மறைந்துபோன ஞானநூல்கள், நாடோடிகளின் வழிவந்த அறிவு எனச் சீட்டுகளுக்குப் பல தோற்றக் கதைகள் கட்டப்பட்டுள்ளன. இவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு சீட்டின் பொருள் எந்த ஆண்டில், எவரால், எந்தச் சொல்லால் ஏற்றப்பட்டது என்று பின்தொடர்ந்து பார்த்தால் கிடைக்கும் வரலாறு இக்கதைகளைவிடச் சுவையானது. நினைவைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 'கோப்பை ஆறு' அதற்கு ஏற்ற சான்று.

பொருள் ஏறாத காலம்

டாரட் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் உருவான சீட்டாட்டம். அதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக இதுவரை அறியப்படுவது 1440ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் நாட்குறிப்பு ஒன்று. கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் 22 படச்சீட்டுகள் போக எஞ்சிய 56உம் வாள், கோல், நாணயம், கோப்பை என நான்கு வகைப்படும். இந்நான்கும் எகிப்தின் மம்லூக் அரசுக்காலச் சீட்டுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை; அத்தகைய பழங்கட்டு ஒன்று இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனையில் உள்ளது. தமிழ்நாட்டில் புழங்கும் சீட்டுக்கட்டோடு ஒப்பிட்டால் கோப்பை வகை 'ஆட்டின்' வகைக்கு நிகரானது.

மார்செய் பாணிக் கட்டுகளில் 'கோப்பை ஆறு' மிக எளிய சீட்டு. மும்மூன்றாக இரு வரிசையில் ஆறு கோப்பைகள். நடுவே ஓர் அலங்காரப் பூங்கொடி. மனித உருவம் இல்லை, கதை இல்லை. ஆட்டக்காரனுக்கு அது ஐந்திற்கும் ஏழிற்கும் இடைப்பட்ட ஓர் எண் மட்டுமே. மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, டாரட் சீட்டுகள் பல நூற்றாண்டுகள் ஆட்டத்திற்கே பயன்பட்டன என்பதையும், குறிசொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது என்பதையும் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது. எகிப்தியத் தோற்றக் கதையைப் பரப்பியவர் அந்துவான் கூர் தெ ஜெபெலான். அவர் அதை எழுதியது 1781இல். எகிப்தியச் சித்திர எழுத்தைச் ஷம்போலியோன் படித்தறிந்தது 1822இல். படிக்கத் தெரியாத எழுத்தின்மீது எந்த நூலையும் ஏற்றிச் சொல்ல முடிந்தது.

பாரிசின் சொல்லும் லண்டனின் சொல்லும்

'கோப்பை ஆறு' சீட்டிற்கும் கடந்தகாலத்திற்கும் தொடர்பு ஏற்படுத்தியவர் ழான் பத்தீஸ்த் அல்லியெத் (1738–1791) என்னும் பாரிஸ் நகரக் குறிசொல்லி. தம் குடும்பப் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி 'எத்தெய்யா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் இவர். சீட்டு நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறொரு பொருள் என்ற முறையை நிலைப்படுத்தியதும் இவரே என்பது அப்புனைபெயருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. குறிசொல்லுதலுக்கென்றே 1789இல் இவர் வெளியிட்ட கட்டில் ஒவ்வொரு சீட்டிலும் அதற்குரிய சொற்கள் அச்சிடப்பட்டன. 44ஆம் எண் பெற்ற 'கோப்பை ஆறு' சீட்டின் மேற்புறம் 'கடந்தகாலம்' என்றும், கீழ்ப்புறம் 'எதிர்காலம்' என்றும் இருந்தது.

இங்குக் 'கடந்தகாலம்' என்பது ஒரு காலச்சுட்டு மட்டுமே. அருகில் விழும் சீட்டு கூறும் செய்தி நடந்துமுடிந்ததா, இனி நடக்கவிருப்பதா என்று குறிசொல்லி அறிவதற்கான அடையாளம் அது. அக்கடந்தகாலம் இனியதா, கொடியதா என்பது பற்றி அச்சொல் எதுவும் கூறவில்லை. குழந்தைமை, ஏக்கம், தோட்டம் ஆகிய எதற்கும் அங்கு இடமில்லை.

நூறாண்டு கழித்து இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. சாமுவேல் லிடெல் மேக்ரெகர் மேதர்ஸ் 1888இல் லண்டனில் வெளியிட்ட சிறுநூலில் இச்சீட்டிற்குக் கடந்தது, மங்கியது, மறைந்தது என்னும் கருத்துடைய சொற்கள் நிரல்படத் தரப்பட்டன. தலைகீழ்ப் பொருளாக எதிர்காலம் நின்றது. எத்தெய்யாவின் மரபே இது என்பது வெளிப்படை.

அதே 1888இல் கோல்டன் டான் என்னும் மறைஞானச் சங்கம் தோன்றியது. அதன் நிறுவனர் மூவருள் மேதர்ஸும் ஒருவர். சங்கத்தினருக்கு மட்டுமே உரியதாய்ச் சுற்றில் இருந்த, மேதர்ஸின் ஆக்கமாகக் கருதப்படும் கையெழுத்து ஏடு இதே சீட்டை முற்றிலும் வேறாகப் பெயரிட்டது: 'இன்பத்தின் தலைவன்'. விருச்சிகத்தில் சூரியன் நிற்கும் பத்துப் பாகை இதற்குரிய இராசிப் பகுதி. யூத மறைஞானத்தில் அழகைக் குறிக்கும் ஆறாம் நிலை இதற்குரிய இடம். ஒரு கை தாமரைத் தண்டுகளை ஏந்த, வளைந்த ஆறு மலர்களிலிருந்து ஆறு கோப்பைகளில் நீர் பொழிவதாகவும், கோப்பைகள் இன்னும் நிறையவில்லை என்பதாகவும் படம் விவரிக்கப்பட்டது. கடந்தகாலம் பற்றிய பேச்சே அங்கில்லை. நிறையத் தொடங்கும் கோப்பை முன்னோக்கியே பார்க்கிறது.

ஒரே மனிதர் பொதுமக்களுக்கு ஒரு பொருளையும் சங்கத்தாருக்கு வேறொரு பொருளையும் தந்திருக்கிறார். இவ்விரண்டும் இருபது ஆண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

1909: இரண்டும் ஒன்றான இடம்

ஆர்தர் எட்வர்ட் வெயிட் (1857–1942) 1891இல் கோல்டன் டான் சங்கத்தில் சேர்ந்தவர். மேதர்ஸின் அச்சுநூலும் சங்கத்தின் கையேடும் அவர் அறிந்தவை. ஆனால் பின்னதை வெளியிடச் சங்க உறுதிமொழி இடந்தரவில்லை. வில்லியம் ரைடர் பதிப்பகம் 1909 டிசம்பரில் அவருடைய கட்டை வெளியிட்டது. 1911இல் வந்த படவிளக்க நூலில் 'கோப்பை ஆறு' பற்றிய பதிவைச் சொல் சொல்லாகப் பிரித்து நோக்கினால் இரு மரபுகளும் ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறது. கடந்தகாலம், நினைவு, மறைந்துபோனவை என்பன எத்தெய்யாவிடமிருந்து மேதர்ஸ் வழியே வந்தவை. மகிழ்ச்சி, துய்ப்பு என்பன மேதர்ஸின் அச்சுநூலில் இல்லை; அவை சங்கத்தின் 'இன்பம்' எனும் பெயரின் நிழல்கள் எனக் கொள்வதே பொருத்தம். இரண்டையும் இணைக்க வெயிட் ஒரு சிறு பாலம் இட்டார்: அம்மகிழ்ச்சி கடந்தகாலத்திலிருந்து வருவது என்றார். குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்ப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகவும் காட்டினார்.

இந்த எடுத்துக்காட்டே முழுப்பொருளாகிவிட்டது. காலச்சுட்டு இன்பத்தோடு சேர்ந்தபோது, இழந்த இன்பம் என்னும் புதிய பொருள் பிறந்தது. அப்பொருளை வெயிட் திட்டமிட்டுப் படைத்தார் என்று கூற இயலாது. இரு பட்டியல்களை ஒரே பத்தியில் அடக்கவேண்டிய தொகுப்பாளரின் நெருக்கடியே அதைப் படைத்தது எனலாம். அப்பதிவிலேயே இதற்கு மாறான விளக்கமும் இடம்பெற்றிருப்பது அந்நெருக்கடியைக் காட்டுகிறது. புதிய உறவு, புதிய அறிவு, புதிய சூழல் என்பது அவ்விளக்கம். அதன்படி குழந்தைகள் விளையாடுவது முன்பின் அறியாத இடத்தில். பிற்கால வாசகர்கள் இவ்விரண்டாம் விளக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டனர்.

நூலில் இல்லாத காவலன்

கட்டின் 78 சீட்டுகளையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் (1878–1951). படச்சீட்டுகளுக்கு வெயிட் நுணுக்கமான அறிவுறுத்தல்கள் தந்ததாகவும், எண் சீட்டுகளில் ஓவியருக்குக் கூடுதல் உரிமை இருந்ததாகவும் ஆய்வாளர் கருதுவர். 'கோப்பை ஆறு' இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. வெயிட்டின் படவிளக்கம் ஒரே வரியில் முடிகிறது. பழைய தோட்டம், குழந்தைகள், மலர் நிறைந்த கோப்பைகள் என்னும் மூன்று செய்திகளே அதில் உள்ளன. படத்தில் இருப்பவையோ அதைவிடப் பல.

கல்லாலான பெரிய மனையொன்றின் முற்றத்தில், செந்நிற முக்காடணிந்த சிறுவன் வெண்மலர்க் கோப்பை ஒன்றைத் தன்னினும் சிறிய பெண்குழந்தையின் முன் நீட்டிக் குனிகிறான். குழந்தையின் கையில் குளிர்க்கு அணியும் கையுறை. மலர் செழித்திருக்க, உடையோ குளிர்காலத்துக்கு உரியது. முன்வரிசையில் நான்கு கோப்பைகள். பின்னே ஒரு கல்மேடைமீது மற்றொன்று. சிறுவனின் உடலளவும் முகமும் முதிர்ந்தவனுக்கு உரியனவாகத் தோன்றுவதால், வளர்ந்த ஒருவன் தன் நினைவுக்குள் மீண்டும் நுழைந்து நிற்கிறான் என்று பொருள்கொள்வோரும் உளர். இவற்றுக்கெல்லாம் மேலாக, இடப்புறப் பின்னணியில் கோல் ஏந்திய ஓர் ஆள் முதுகைக் காட்டியபடி நடந்து செல்கிறான். அவன் காவலனாயின், காவல் விலகிச் செல்கிறது. விளக்க நூலில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இழப்பு என்னும் கூறு இச்சீட்டின் படத்தில் அமைந்திருக்குமாயின், அது அமைந்திருக்கும் இடம் இதுவே. குழந்தைகள் அவனைப் பார்க்கவில்லை. பார்வையாளர் மட்டுமே பார்க்கிறார். உள்ளிருப்போர் அறியாததைப் பின்னாளில் திரும்பிப் பார்ப்பவர் அறிகிறார் என்பது நினைவின் இயல்பு. வெயிட் சொல்லால் இட்ட பாலத்தைவிட ஸ்மித் இட்ட இந்தச் சிற்றுருவம் நினைவின் இயல்போடு நெருங்கியது.

ஓவியரின் வாழ்வைப் படத்தில் தேடும் நாட்டமும் உண்டு. லண்டனில் பிறந்து, மான்செஸ்டரிலும் ஜமைக்காவிலும் வளர்ந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓவியம் பயின்று, 1896இல் தாயையும் 1899இல் தந்தையையும் இழந்த ஒருவர் குழந்தைமையின் தோட்டத்தை வரைந்தார் என்பது உருக்கமான செய்திதான். ஆயினும் இதைச் சான்றாகக் கொள்வது முறையன்று. இப்படத்தைப் பற்றி அவரே எழுதிய விளக்கம் ஏதும் அறியப்படவில்லை. வண்ணங்களைக் கொண்டு பொருள் உரைப்போரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மூல ஓவியங்கள் கிடைக்கவில்லை; அச்சில் உள்ள வண்ணத் தேர்வு முழுவதும் அவருடையதென உறுதியாகச் சொல்ல வழியில்லை. 1909 நவம்பரில் நிழற்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்குப் பெரிய வேலையொன்றை முடித்ததாக அவர் குறிப்பிட்டுள்ளார். பதிப்பாளர் பெயரும் வெயிட்டின் பெயரும் இணைந்து நெடுங்காலம் கட்டின் பெயராக வழங்கின. சீட்டின் மூலையில் உள்ள பெயர்ச்சுருக்கம் தவிர ஓவியருக்கு அதில் இடமில்லாமற்போனது.

ஏக்கம் எனும் சொல்

வெயிட்டின் பதிவில் 'ஏக்கம்' என்பதற்குரிய 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் இல்லை. அச்சொல் 1688இல் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காகக் கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கியது. ஊர் திரும்ப ஏங்கி மெலியும் நோய் என்பதே அதன் பொருள். ஏக்கத்தின் இலக்கு ஓர் இடம். ஊர் திரும்பினால் நோய் தீரும். 1798இல் கான்ட் இதை மறுத்தார். ஊர் திரும்பியோர் ஏமாற்றமடைவதையும், அவர்கள் தேடியது ஊரையன்று, இளமையையே என்பதையும் அவர் சுட்டினார். இடத்துக்குரிய நோய் காலத்துக்குரிய உணர்வாக மாறும் நெடும்போக்கின் தொடக்கங்களுள் இது ஒன்று.

இச்சீட்டு வெளிவந்த இங்கிலாந்தில் அம்மாற்றம் பெரிதும் நிறைவேறியிருந்தது. பழைய மனைகளையும் நிலங்களையும் காக்க 1895இல் நேஷனல் டிரஸ்ட் நிறுவப்பட்டது. வளர மறுக்கும் சிறுவனைப் பற்றிய 'பீட்டர் பான்' நாடகம் 1904இல் மேடையேறியது. பூட்டிய தோட்டத்தில் குழந்தைகள் நலம்பெறும் கதையான 'தி சீக்ரெட் கார்டன்' 1911இல் நூலாயிற்று. லைசியம் நாடக அரங்கக் குழுவினரோடு பழகிய ஸ்மித்துக்குப் பழைய முற்றமும் குழந்தைகளும் அக்காலத்தின் பொதுச்சொத்தாகவே கிடைத்திருக்கும். எத்தெய்யாவின் வறண்ட காலச்சுட்டு இந்தச் சூழலில் விழுந்ததால்தான் அதற்குக் குழந்தைமுகம் வாய்த்தது. வேறொரு நாட்டில், வேறொரு பதிற்றாண்டில் அதே சொல் கல்லறையாகவோ இடிந்த கோட்டையாகவோ வரையப்பட்டிருக்கலாம்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. அலெஸ்டர் கிரவ்லியின் வழிகாட்டலில் ஃபிரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த கட்டு எத்தெய்யாவின் வழக்கை ஏற்காமல் கோல்டன் டான் ஏட்டையே பின்பற்றியது. அதிலுள்ள 'கோப்பை ஆறு' சீட்டில் குழந்தைகளோ மனையோ நடந்து செல்லும் காவலனோ இல்லை. தாமரைகளிலிருந்து கோப்பைகளில் நீர் பொழிந்துகொண்டிருக்கிறது. அடியில் 'இன்பம்' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.