ஊதியம்

இன்று சம்பளத்தைக் குறிக்கும் இச்சொல்லின் பழம்பொருள் லாபம். போட்ட முதலுக்கு மேல் கிடைப்பதையே 449-ஆம் குறளில் வள்ளுவர் 'ஊதியம்' என்கிறார். பின்னாளில் அது உழைப்பவரின் சம்பளத்துக்குப் பெயரானது.

எண்ணூரில் இரண்டு பொருளும் ஒரே ஆலை வாசலில் சந்தித்தன. 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸில் பிரிட்டனின் லேலண்ட் பங்கெடுக்க, 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. முதல் அங்கிருந்து வந்தது. லாரி கட்டும் கைத்திறன் இங்கே வளர்ந்தது. 1987-ல் லேலண்டின் பங்கு இந்துஜா குழுமம் பங்கேற்ற கூட்டு முயற்சியிடம் போனது. முதலாளி மாறினாலும் ஃபிட்டருக்கு ஷிஃப்ட் மாறவில்லை.

லாபத்தையும் சம்பளத்தையும் மறுபடி சேர்த்தது 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம்; பின்னர் குறைந்தபட்ச போனஸ் சம்பளத்தில் 8.33 சதவீதம் ஆனது. ஒப்பந்தத் தொழிலாளியின் தீபாவளிக்கும் அந்த போனஸ் முழுசாக வந்து சேர வேண்டும்.